பிளஸ் டூ வேதியியலில் நம் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் பெற்றோர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த குரூப்பில் சேர்க்கலாம்?" என்பதுதான். அடுத்த கேள்வி பெரும்பாலும் வேதியியலைப் பற்றியதாக இருக்கிறது. "பிள்ளைக்குக் கணக்கு வரும் பாய், கெமிஸ்ட்ரி வருமா? எல்லாம் மனப்பாடமாமே?" என்று கேட்கிறார்கள். அந்த அச்சத்தினாலேயே நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகள் சிலர் அறிவியல் பிரிவையே விட்டுவிடுகிறார்கள்.

அப்புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொண்டால் இந்த அச்சம் பாதி தீர்ந்துவிடும். வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை ஊர்களில் வாழும் நமக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. தோல் தொழிலில் இருப்பவர் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார். பிளஸ் ஒன், பிளஸ் டூ வேதியியலின் முக்கியமான பாடங்களில் பல, டேனரியின் சுண்ணாம்புத் தொட்டியிலும் டிரம்மிலும் தினந்தோறும் நடப்பவைதாம். தந்தை கையால் செய்வதைப் பிள்ளை புத்தகத்தில் படிக்கிறான். இரண்டும் ஒன்றுதான் என்பதை இருவருக்கும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு ஆண்டுகள், ஒரே படிக்கட்டு

தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னில் 15 பாடங்கள், பிளஸ் டூவில் 15 பாடங்கள். பிளஸ் ஒன்னில் மோல் கணக்கீடு, அணு அமைப்பு, தனிம அட்டவணை, வாயுக்கள், வெப்ப இயக்கவியல், வேதிச் சமநிலை, கரைசல்கள், வேதிப் பிணைப்பு, கரிம வேதியியலின் அடிப்படை ஆகியவை வருகின்றன. பிளஸ் டூவில் உலோகவியல், இடைநிலைத் தனிமங்கள், அணைவுச் சேர்மங்கள், வினை வேகம், அயனிச் சமநிலை, மின்வேதியியல், புறப்பரப்பு வேதியியல், ஆல்கஹால் முதல் அமீன் வரையிலான கரிமச் சேர்மங்கள், உயிரியல் மூலக்கூறுகள் ஆகியவை வருகின்றன.

இந்த 30 பாடங்களும் ஒரே படிக்கட்டின் படிகள். கீழ்ப்படி ஆடினால் மேல்படியில் நிற்க முடியாது. பிளஸ் டூவில் தடுமாறும் பிள்ளைகளில் பலருக்கு உண்மையான தடுமாற்றம் பிளஸ் ஒன்னில் இருக்கிறது. அதிலும் குறிப்பாக முதல் பாடமான மோல் கணக்கில் இருக்கிறது.

மோல்: எடையிலிருந்து எண்ணிக்கைக்கு

அணுக்களைக் கையால் எண்ண முடியாது. ஆனால் வினையில் சேரும்போது அவை எண்ணிக்கைக் கணக்கில்தான் சேர்கின்றன. எனவே எடைபோட்டு எண்ணிக்கையை அறிய ஒரு வழி தேவைப்பட்டது. அதுதான் மோல். ஒரு டஜன் என்றால் 12 என்பதுபோல, ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள். 18 கிராம் தண்ணீரில் இத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன.

சுண்ணாம்பு நீற்றுவதைப் பாருங்கள். சுட்ட சுண்ணாம்பின் ஒரு மோல் எடை 56. தண்ணீருக்கு 18. இரண்டும் சேர்ந்து கிடைக்கும் நீற்றுச் சுண்ணாம்புக்கு 74. ஆகவே 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு 18 கிலோ தண்ணீரை உள்வாங்கி 74 கிலோவாக மாறும். அப்போது தொட்டி கொதிப்பது வெப்ப உமிழ்வினை. அது வெப்ப இயக்கவியல் பாடம். அதே 74 கிலோ சுண்ணாம்பை முழுவதும் நடுநிலையாக்க 98 கிலோ கந்தக அமிலம் வேண்டும். இந்தக் கணக்கு கைவந்த பிள்ளைக்கு இரண்டு ஆண்டுகளிலும் வரும் கணக்குகளில் பெரும்பகுதி எளிதாகிவிடும். இதை மட்டும் விளங்காமல் கடந்துபோக விடக்கூடாது.

உப்பும் சவ்வூடு பரவலும்

பச்சைத் தோல் வந்ததும் உப்பிடுகிறார்கள். உப்பு ஏன் தோலைக் கெடாமல் காக்கிறது? செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்குச் சவ்வின் வழியே நீர் நகரும். தோலிலும் கிருமிகளின் செல்லிலும் உள்ள நீரை உப்பு வெளியே இழுத்துவிடுகிறது. நீரில்லாமல் கிருமி பெருகாது. இது பிளஸ் ஒன் 'கரைசல்கள்' பாடத்தில் வரும் சவ்வூடு பரவல். நம் வீட்டு ஊறுகாயும் கருவாடும் இதே விதியில்தான் கெடாமல் இருக்கின்றன.

இதையே திருப்பி, சவ்வூடு பரவல் அழுத்தத்தைவிட மிகுதியான அழுத்தத்தை உப்பு நீரின் மீது செலுத்தினால், நீர் மட்டும் சவ்வைக் கடந்து வெளியே வரும். இது எதிர் சவ்வூடு பரவல். நமது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரிலிருந்து நீரை மீட்பதும், வீட்டில் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. கருவியும் இந்த ஒரே பாடம்தான்.

சுண்ணாம்புத் தொட்டியில் சமநிலை

முடி நீக்கத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கிறோம். நீற்றுச் சுண்ணாம்பு தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம்தான். மீதம் அடியில் தங்கியிருக்கும். கரைந்த சுண்ணாம்பைத் தோல் உறிஞ்சிக்கொண்டதும், அடியில் இருப்பதிலிருந்து அதே அளவு கரைந்து அந்த இடத்தை நிரப்பும். எனவே தொட்டியின் காரத்தன்மை ஒரே அளவில் நிற்கும். ஒரு சமநிலையைக் கலைத்தால் அது கலைப்பை ஈடுசெய்யும் திசையில் நகரும் என்று பிள்ளைகள் படிக்கும் லீ சாட்லியர் தத்துவம் இதுதான். தேர்வில் அதன் வரையறையை எழுதும் பிள்ளை, இந்தத் தொட்டியை நினைத்துக்கொண்டால் மறக்கவே மாட்டான்.

அமிலம், காரம் ஆகியவற்றின் அளவைக் காட்டும் பி.எச். எண்ணையும் இங்கே விளங்கிக்கொள்ளலாம். சுண்ணாம்புத் தொட்டியில் அது 12ஐத் தாண்டும். பிறகு அமிலமும் உப்பும் சேர்த்துப் பதப்படுத்தும்போது 3ஐ ஒட்டி இறங்கும். 12க்கும் 3க்கும் வித்தியாசம் வெறும் 9தானே என்று எண்ணக்கூடாது. ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. 9 எண் இறங்கினால் ஹைட்ரஜன் அயனியின் செறிவு 100 கோடி மடங்கு கூடியிருக்கிறது என்று பொருள். மடக்கை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு இதுவே பதில்.

சுண்ணாம்பை நீக்க அம்மோனியம் சல்பேட் போடும்போது கண்ணைக் கரிக்கும் வாடை வருகிறதல்லவா? அம்மோனியம் உப்பைச் சுண்ணாம்புடன் சேர்த்தால் அம்மோனியா வரும் என்பது பாடப்புத்தக வினை.

உயிரைக் காக்கும் பாடம்

இந்தப் பகுதியைப் பெற்றோர்கள் இருமுறை படிக்க வேண்டுகிறோம்.

முடி நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடும் சேர்க்கிறார்கள். சல்பைடு காரத்தில் இருக்கும்வரை அடங்கியிருக்கும். அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயுவாக வெளியேறும். அமிலக் கழிவும் சல்பைடு கழிவும் ஒரே வாய்க்காலில் கலந்தாலும் இதுவே நடக்கும். மூடிய தொட்டியில் நாள்பட்ட சேற்றில் கிருமிகளும் இதே வாயுவை உண்டாக்குகின்றன.

பிளஸ் ஒன் பிள்ளையிடம் இதன் மூலக்கூறு எடையைக் கேளுங்கள். 34 என்பான். காற்றின் சராசரி மூலக்கூறு எடை சுமார் 29. ஆகவே இந்த வாயு காற்றைவிடக் கனமானது. அது மேலே பறந்துபோகாமல் தொட்டியின் அடியில் தேங்கி நிற்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை வாடை வீசும். அளவு கூடும்போது மூக்கின் மோப்ப நரம்பை மரத்துப்போகச் செய்துவிடும். வாடை நின்றுவிட்டது, இனி ஆபத்தில்லை என்று இறங்குபவர் உண்மையில் மிகப் பெரிய ஆபத்துக்குள் இறங்குகிறார். கழிவுத் தொட்டியில் இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் மடிந்த செய்திகளை நம் பகுதியில் நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்!

சுவாசக் கருவி இல்லாமல் எவரும் இறங்கக் கூடாது. விழுந்தவரைக் காப்பாற்றவும் இறங்கக் கூடாது. தீயணைப்புத் துறையை 101 அல்லது 112 எண்ணில் அழைக்க வேண்டும். வேதியியல் படித்த ஒரு பிள்ளை, வேலைக்குச் செல்லும் தன் தந்தைக்கும் அண்ணனுக்கும் இந்த 34க்கும் 29க்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிச் சொன்னால், அந்த ஒரு பாடத்துக்காகவே இரண்டு ஆண்டுப் படிப்பும் தகும்.

குரோமியம்: நன்மையும் தீமையும் ஒரே தனிமத்தில்

பிளஸ் டூவின் நான்காம் பாடம் இடைநிலைத் தனிமங்கள், ஐந்தாம் பாடம் அணைவு வேதியியல். பிள்ளைகள் அதிகம் அஞ்சுவது இவற்றுக்குத்தான். நம் ஊரில் 'வெட் புளூ' என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும். அந்த நீலத்தின் விளக்கம் இவ்விரு பாடங்களில் இருக்கிறது.

குரோமியம் 24ஆவது தனிமம். அது பல ஆக்சிஜனேற்ற நிலைகளில் இருக்கும். அவற்றில் இரண்டு நமக்கு முக்கியம். +3 நிலையில் உள்ள குரோமியம் உப்புதான் தோல் பதனிடப் பயன்படுகிறது. தோலின் புரதமான கொலாஜனில் இருக்கும் கார்பாக்சிலேட் தொகுதிகள் ஈனிகளாகச் செயல்பட்டு குரோமியத்துடன் பிணைகின்றன. ஒரே குரோமியத் தொகுதி இரண்டு புரதச் சங்கிலிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வதால் தோல் உறுதியாகிறது. பச்சைத் தோல் 65 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுருங்கிவிடும். குரோமில் பதனிட்ட தோல் கொதிக்கும் நீரையும் தாங்கும்.

குரோம் போட்டு முதலில் பி.எச். அளவை 3 அருகே வைத்திருந்து, பிறகு சோடா உப்பு கொடுத்து 4 அருகே உயர்த்துவதற்கும் காரணம் இருக்கிறது. அமிலம் மிகுந்தபோது கார்பாக்சிலிக் தொகுதி அயனியாகாது. ஆகவே குரோம் எதனோடும் பிணையாமல் தோலின் உள்வரை ஊடுருவும். பிறகு அமிலம் குறையும்போது அத்தொகுதி அயனியாகிக் குரோமைப் பிடித்துக்கொள்ளும். வலிமை குறைந்த அமிலம் அயனியாதல் என்று பிள்ளை படிப்பதை அனுபவமிக்க மேஸ்திரி கைப்பழக்கத்தில் செய்கிறார்.

+6 நிலையில் உள்ள குரோமியம் வேறு. டைகுரோமேட்டின் ஆரஞ்சு நிறமும் குரோமேட்டின் மஞ்சள் நிறமும் இந்நிலைக்குரியவை. இது வலிமையான ஆக்சிஜனேற்றி. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. தோலில் இது ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினால், உடலில் படும் தோல் பொருளை விற்க முடியாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதம் முதல் விதி வைத்திருக்கிறது. நமது காலணியும் கையுறையும் அங்கே போகின்றன. ஆக்சிஜனேற்ற நிலையைக் கண்டுபிடிக்கும் இரண்டு மதிப்பெண் கேள்வி, ஏற்றுமதிக் கப்பலில் சரக்கு ஏறுமா ஏறாதா என்ற கேள்வியும் ஆகும்.

கழிவிலிருந்து மீட்பது

டிரம்மில் போடும் குரோமில் வழக்கமான முறையில் சுமார் 60 முதல் 70 விழுக்காடுதான் தோலில் ஏறும். மீதம் கழிவுநீரில் போகும். அந்த நீரில் மக்னீசியம் ஆக்சைடு சேர்த்து அமிலத்தைத் தணித்தால், குரோமியம் ஹைட்ராக்சைடு வீழ்படிவாகி அடியில் தங்கும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் பதனிடும் உப்பு கிடைக்கும். வீழ்படிவு எப்போது உண்டாகும் என்பதைச் சொல்வது எட்டாம் பாடத்தின் கரைதிறன் பெருக்கம். காஸ்டிக் சோடாவைக் கொட்டினால் என்ன என்று கேட்கலாம். குரோமியம் ஹைட்ராக்சைடு ஈரியல்பு உடையது. காரம் அளவுக்கு மீறினால் மீண்டும் கரைந்துவிடும். மக்னீசியம் ஆக்சைடு மெதுவாகக் கரைந்து எல்லையை மீறாமல் நிற்கிறது.

இது வெறும் பாடம் அல்ல என்பதைப் பாலாறு நமக்குச் சொல்லும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை அத்தீர்ப்பு நிலைநிறுத்தியது. கிணற்று நீரும் பிழைப்பும் இரண்டும் நமக்கு வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் காக்கும் வழி வேதியியல் தெரிந்தவர் கையில்தான் இருக்கிறது.

பட்டை, புரதம், சாயம்

கரிம வேதியியல் பாடங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் உள்ள டானின்கள் பல ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட ஃபீனால் வகைச் சேர்மங்கள். அவை ஹைட்ரஜன் பிணைப்பால் புரதத்தைப் பற்றுகின்றன. குரோம் வரும் முன் நம் முன்னோர் பதனிட்டது இவற்றைக் கொண்டுதான். கொலாஜன் அமினோ அமிலங்களின் சங்கிலி. அது 14ஆம் பாடம். தோலுக்கு மென்மை தரும் எண்ணெய்க் கலவை ஒரு பால்மம். அது புறப்பரப்பு வேதியியல். நிறம் தரும் அசோ சாயங்கள் டையசோனியம் உப்பிலிருந்து பிறப்பவை. அது 13ஆம் பாடம். அவற்றில் சில சிதைந்து தீங்கான அமீன்களாக மாறுவதால் 1994இல் ஜெர்மனி அவற்றுக்குத் தடை விதித்தது. கோடையில் தோல் சீக்கிரம் ஊறுவதும் சீக்கிரம் கெடுவதும் வினை வேகப் பாடம்.

ஆய்வகமும் அரபுச் சொற்களும்

செய்முறைத் தேர்வில் பிள்ளைகள் பியூரெட்டைக் கொண்டு தரம்பார்த்தல் செய்கிறார்கள். ஒரு சொட்டில் நிறம் மாறும் முடிவு நிலையைக் காணப் பொறுமையும் நேர்மையும் வேண்டும். கழிவுநீரின் வேதி ஆக்சிஜன் தேவையை அளக்கும் சோதனையும் டைகுரோமேட்டும் ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டும் கொண்டு செய்யும் தரம்பார்த்தல்தான். பள்ளியில் அதை ஒழுங்காகக் கற்ற பிள்ளைக்குச் சுத்திகரிப்பு நிலைய ஆய்வகம் புதிய இடமாக இராது. அத்தகைய பணிகளில் இன்று நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நாமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மதரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. காரத்தைக் குறிக்கும் 'ஆல்கலி', சாம்பலைக் குறிக்கும் 'அல்-கலி' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 'ஆல்கஹால்' என்ற சொல்லின் வேர் 'அல்-குஹ்ல்', அதாவது சுர்மா. 'கெமிஸ்ட்ரி' என்ற பெயரே 'அல்-கீமியா' வழி வந்தது. சுமார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவ மேதை அர்-ராஸி, ஆய்வகக் கருவிகளை வரிசைப்படுத்தி எழுதியும், பொருள்களைத் தாது, தாவரம், விலங்கு என்று பிரித்தும் வைத்தார். இதைப் பெருமையாகப் பேசி நிறுத்திக்கொள்வதில் பயனில்லை. அவர் செய்ததுபோல் கையால் செய்து, கண்ணால் பார்த்து, உண்மையாக எழுதிவைப்பதே அந்த மரபைத் தொடர்வதாகும்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

பிளஸ் டூ வேதியியலுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10 என்று மொத்தம் 100 மதிப்பெண். பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் தரவரிசையில் வேதியியலுக்கு 50. நீட் தேர்வின் 720இல் 180. இயற்பியலுக்குச் சமமான பங்கு இது. டாக்டர், இன்ஜினியர் மட்டுமே படிப்பு என்றும் எண்ண வேண்டாம். சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து அண்ணா பல்கலைக்கழகம் தோல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பை நடத்துகிறது. நமக்குப் பக்கத்தில் உள்ள கல்லூரிகளில் வேதியியல் பட்டப்படிப்பும் இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கும் ஆய்வகப் பணி ஏற்றதே.

முதலாவதாக, பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்ட விடாதீர்கள். பொதுத் தேர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அஸ்திவாரம் அதில்தான். இரண்டாவதாக, "எத்தனை மார்க்?" என்று கேட்பதோடு, "இன்று என்ன வினை படித்தாய்? அது எங்கே நடக்கிறது?" என்றும் கேளுங்கள். பதில் உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதில்லை. விளக்க முயலும்போது பிள்ளைக்கு விளங்கும். மூன்றாவதாக, தோல் தொழிலில் இருக்கும் தந்தையர், நீங்கள் செய்யும் வேலையை வரிசையாகப் பிள்ளையிடம் சொல்லுங்கள். எதற்குப் பின் எதைப் போடுகிறீர்கள், எத்தனை மணி நேரம், எப்போது நிறுத்துகிறீர்கள் என்று சொல்லுங்கள். அதில் ஒவ்வொன்றுக்கும் காரணத்தைப் புத்தகத்தில் தேடும்படி பிள்ளையிடம் கூறுங்கள். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் என்று உங்களை நீங்களே குறைத்துக்கொள்ள வேண்டாம். பி.எச். பேப்பரின் நிறத்தைப் பார்த்தே முடிவு சொல்லும் உங்கள் கண், எந்த ஆய்வகத்துக்கும் தேவையான கண்.

குரூப் தேர்வு செய்யும் இந்த நாட்களில், அச்சத்தின் பேரில் எந்தப் பிள்ளையும் வேதியியலை விட்டு விலக வேண்டாம். விருப்பமில்லாமல் விலகினால் அது வேறு. விளங்காது என்று எண்ணி விலகுவதானால், ஒரே ஒரு முறை மோல் பாடத்தை நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். அது விளங்கிய பிள்ளைக்கு மற்றவையும் இன்ஷா அல்லாஹ் விளங்கும்.